சென்னை – மதுரை: 417, 460, 495 – இதில் உங்கள் கணக்கு எது?

சென்னையிலிருந்து மதுரைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். மூன்றும் சரிதான். மீனம்பாக்கம் ஓடுபாதையிலிருந்து மதுரை ஓடுபாதைக்கு நேராகக் கோடு இழுத்தால் சுமார் 417 கிலோமீட்டர். சாலையில் போனால், சென்னைக்குள் எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து 460-ஐ ஒட்டி வரும். எழும்பூரிலிருந்து மதுரை சந்திப்புக்கு ரயிலில் 495 கி.மீ. அளவில் ஆகும்.

நேரத்தைக் கேட்டால் ஒரே பதில்தான் கண்ணில் படும்: விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் எடுக்கும் திரையிலும் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "ஒன்றேகால் மணி நேரம் எங்கே, ரயிலின் ஏழு மணி நேரம் எங்கே!" என்று விமான டிக்கெட்டைத் தட்டிவிடுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன். பெரம்பூரில் குடியிருந்துகொண்டு மாதம் ஒரு முறையாவது மதுரைக்குப் போய்வருகிற ஆள் நான். விமானம், ரயில், பஸ், கார் என்று நான்கிலும் போயாகிவிட்டது. அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது, எதெல்லாம் வெளியே விடப்பட்டிருக்கிறது என்று இப்போது ஓரளவு தெரியும்.

முதலில் அந்த நேர்கோடு. வரைபடத்தை எடுத்து இரண்டு விமான நிலையங்களையும் ஒரு அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். கோடு கிட்டத்தட்ட விழுப்புரம் மேலேயே போகும். உளுந்தூர்பேட்டையைத் தொட்டுக்கொண்டு, திருச்சிக்குப் பக்கத்தில் காவிரியைத் தாண்டி, மதுரையில் இறங்கும். அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் நம் ஜி.எஸ்.டி. சாலையும் அதன் தொடர்ச்சியும் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே போகின்றன. அதனால்தான் வான்வழித் தூரத்துக்கும் சாலைத் தூரத்துக்கும் வித்தியாசம் பத்து சதவீதம் அளவில் நின்றுவிடுகிறது. குறுக்கே மலையோ கடலோ சுற்றிப்போக வேண்டிய காடோ இல்லை. விமானம் மிச்சப்படுத்த வேண்டிய சுற்று அங்கே பெரிதாக இல்லவே இல்லை.

ரயில் ஏன் 35 கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்பதற்கும் வரைபடத்திலேயே பதில் இருக்கிறது. திருச்சி வரை பெரிய வம்பில்லை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்குப் பாதையில் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. சாலை விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று மதுரைக்கு நேராக இறங்குகிறது. தண்டவாளம் மேற்கே திரும்பி மணப்பாறை, திண்டுக்கல், கொடைக்கானல் ரோடு என்று ஒரு வளைவு போட்டுவிட்டு, சோழவந்தான் வழியாக உள்ளே வருகிறது. வைகை எக்ஸ்பிரஸில் வரும்போது திண்டுக்கல் தாண்டியதும் வலப்பக்கம் மலை தெரிய ஆரம்பித்தால் "வந்தாச்சு" என்று பைகளை இறக்குகிறார்களே, அந்த மலைக்காட்சிக்கு நாம் கொடுக்கும் விலை அந்தக் கூடுதல் கிலோமீட்டர்கள்.

இனி விமானக் கணக்கு. இரு நகரங்களுக்கு இடையே பறக்கும் நேரம் என்று இணையத்தில் காட்டுவது பெரும்பாலும் ஒரு சின்ன வகுத்தல்தான். தூரத்தை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்ப்பார்கள். 417-ஐ 800-ஆல் வகுத்தால் 31 நிமிடம். அரை மணி சேர்த்தால் ஒரு மணி நேரம். டிக்கெட்டில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரம் வேறு சமாச்சாரம். அது விமானம் தன் இடத்தைவிட்டு நகரத் தொடங்குவதிலிருந்து, அந்த ஊரில் போய் நிற்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் இரண்டு விமானங்களுக்குக் காத்திருப்பது, இறங்கிய பின் ஊர்ந்து வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். கொஞ்சம் தாமதமானாலும் "சரியான நேரத்தில் வந்தோம்" என்று சொல்லிக்கொள்ள வசதியாக, விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூடவே சேர்த்தும் வைத்திருக்கும்.

இந்தத் தடத்தில் ஜெட் விமானமும் ஓடுகிறது, விசிறி சுழலும் ஏ.டி.ஆர். விமானமும் ஓடுகிறது. ஏ.டி.ஆர். என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. "அது பஸ் மாதிரி, மெதுவாப் போகும்" என்பார்கள். முழு வேகத்தில் ஜெட் மணிக்கு 830 கி.மீ. தொடும், ஏ.டி.ஆர். 500 சொச்சம். கேட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் 417 கிலோமீட்டருக்குள் ஜெட் முழு வேகத்தைத் தொட்டுச் சில நிமிடங்களிலேயே இறங்கத் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் கடைசியில் மிஞ்சும் வித்தியாசம் பத்துப் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தை ஏ.டி.ஆரில் ஆள் இறங்கும் வேகத்திலேயே பாதி மீட்டுவிடலாம். எழுபது சொச்சம் பேர்தான், ஜெட்டில் அது நூற்றெண்பது. போதாததற்கு ஏ.டி.ஆர். தாழப் பறக்கும். மேகம் இல்லாத நாளில் கீழே ஏரிகளும் கண்மாய்களும் கண்ணாடித் துண்டுகள் போல வரிசையாகத் தெரியும். எனக்கு ஏ.டி.ஆர்.தான் பிடிக்கும்.

சரி, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குக் கணக்குப் போடுவோம். மதுரை அண்ணா நகரில் சித்தப்பா வீடு. நான் கிளம்புவது பெரம்பூர்.

காலை ஏழு மணி விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான் தொடங்கும் என்பதால் அதை நம்ப முடியாது, வாடகைக் கார்தான். விடிகாலையில்கூட முக்கால் மணி நேரம், பகலாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரை 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய் நிற்க வேண்டும். அப்புறம் அந்த ஒன்றேகால் மணி நேரப் பறத்தல். இறங்கி, பெட்டி வந்து, வெளியே வர இருபது நிமிடம். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, அவனியாபுரம் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து வைகையைக் கடந்து அண்ணா நகர் வர நாற்பது நிமிடம். கூட்டிப் பார்த்தால் நாலரை மணி நேரம், பகல் விமானமானால் ஐந்தை நெருங்கும்.

எதிர்ப்பக்கம் வந்தே பாரத். திருநெல்வேலி வண்டி 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. நாகர்கோவில் வண்டி 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்தது. இரண்டும் மதுரை வழிதான். எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஐந்தே முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். நிறுத்தங்களையும் சேர்த்துச் சராசரி மணிக்கு 85 கி.மீ. பெரம்பூரிலிருந்து எழும்பூர் ஆட்டோவில் அரை மணி, முன்கூட்டிப் போய் நிற்க இருபது நிமிடம். மதுரையில் இறங்கினால் ஊருக்கு நட்டநடுவில் இறங்குகிறோம். அண்ணா நகருக்கு இருபது நிமிடம். மொத்தம் ஏழு மணி நேரம்.

ஆக ஒன்றேகாலுக்கும் ஏழுக்கும் இடையே இருந்த போட்டி, நாலரைக்கும் ஏழுக்கும் என்று சுருங்கிவிட்டது. இரண்டரை மணி நேர லாபம். அதுவும் பெரம்பூர்க்காரனுக்கு. இதே கணக்கைக் குரோம்பேட்டையிலிருந்து திருப்பரங்குன்றத்துக்குப் போட்டால் கதை மாறிவிடும். அவருக்கு விமான நிலையம் பதினைந்து நிமிடம். அந்தப் பக்கத்தில் இறங்கினாலும் வீடு அருகில். மூன்றரை மணி நேரத்தில் ஆள் வீட்டுத் திண்ணையில் இருப்பார். அவரே தாம்பரத்தில் வந்தே பாரத் ஏறினால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எண்ணூரில் இருப்பவர் கணக்குப் போட்டால் விமானத்தின் லாபம் இன்னும் குறைந்துவிடும். "விமானமா ரயிலா" என்று கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "வீடு எங்கே?"

ஒரு தடவை எங்கள் வீட்டிலேயே ஒரு பந்தயம் நடந்தது, திட்டமிட்டு அல்ல. அக்கா மகள் நிச்சயதார்த்தம். சித்தப்பா மகன் சென்னையில்தான் இருக்கிறான். அவன் காலை ஐந்து மணி வந்தே பாரத்தில் போனான். மூன்றரைக்கு எழுந்து கிளம்புவதா என்று நான் எட்டரை மணி விமானத்தில் எடுத்திருந்தேன். வேறெங்கிருந்தோ வர வேண்டிய விமானம் வரவில்லை. ஒன்பது என்றார்கள், ஒன்பதே முக்கால் என்றார்கள், கடைசியில் பத்தேகாலுக்குக் கிளம்பியது. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி பதினொன்றே முக்கால். அவன் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, டவுன் ஹால் ரோட்டில் பொங்கல், வடை, காபி எல்லாம் முடித்துவிட்டு மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். "என்னண்ணே, பறந்தா வந்தீங்க?" என்றான். இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் இந்தக் கேள்வி எனக்காக வருகிறது.

ரயில் தாமதமாவதே இல்லையா என்றால், ஆகும். ஆனால் ஒரு வித்தியாசம். ரயில் தாமதமானால் பெரும்பாலும் இருபது நிமிடம், அரை மணி என்று வழியில் சேர்ந்துகொண்டு போகும். நாம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்போம். விமானம் தாமதமானால் கிளம்பும் முன்பே மொத்தமாக ஆகும். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நாற்காலி தேடிக்கொண்டிருப்போம்.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்று இருக்கிறது. விமானப் பயணத்தின் நாலரை மணி நேரம் முழு நோட்டாக நம் கைக்கு வருவதில்லை, சில்லறையாக வருகிறது. காரில் முக்கால் மணி, வரிசையில் பத்து நிமிடம், சோதனையில் பதினைந்து, வாயிலில் அரை மணி, பஸ்ஸில் ஐந்து, பறக்கும்போது பெல்ட்டைக் கழற்றச் சொல்வதற்கும் மறுபடி போடச் சொல்வதற்கும் நடுவே இருபத்தைந்து நிமிடம், பெட்டிக்குப் பத்து, மறுபடி காரில் நாற்பது. இந்தச் சில்லறையை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை படிக்க முடியாது, ஒரு தூக்கம் போட முடியாது. வந்தே பாரத்தில் ஐந்தே முக்கால் மணி நேரம் ஒரே துண்டாகக் கிடைக்கிறது. மடிக்கணினியைத் திறந்தால் விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் ஒரு நாள் வேலை முடிந்துவிடும். கைப்பேசி சிக்னல் நடுநடுவே அறுந்துபோவதும் ஒரு வகையில் வசதிதான்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் எல்லாரையும் தோற்கடிப்பது பாண்டியன் எக்ஸ்பிரஸ். எழும்பூரில் இரவு ஒன்பதரைக்கு மேல் கிளம்பி, விடியும் நேரத்தில் மதுரையில் விடும். எட்டு மணி நேரம். கடிகாரப்படி வந்தே பாரத்தைவிட இரண்டு மணி நேரம் அதிகம். ஆனால் அந்த எட்டு மணி நேரமும் எப்படியும் தூங்கப் போகிற நேரம். பகலில் ஒரு நிமிடம்கூட அது எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் காலை ஆறரைக்குச் சித்தப்பா வீட்டில் குளித்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் ஏழு மணி விமானம் சென்னையிலேயே நின்றுகொண்டிருக்கும். படுக்கை வசதிக்கு முன்னூறு சொச்சம் ரூபாய், ஏசி என்றால் அதைவிடச் சில மடங்கு. தூங்க முடியாதவர்களுக்கு இந்த வாதம் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை விடுவது ரயில்வே அட்டவணையில் வராத விஷயம்.

வைகையைப் பற்றி ஒரு வார்த்தை. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கிய வண்டி. அப்போது அது மீட்டர் கேஜ். அந்தக் குறுகிய தண்டவாளத்திலேயே மணிக்கு 100 கி.மீ. தொட்ட பெருமை அதற்கு உண்டு; ஏழு மணி நேரச் சொச்சத்தில் மதுரைக்கும் சென்னைக்கும் இடையே ஓடியது. பிறகு அகலப்பாதை வந்தது, மின்சாரம் வந்தது, இரட்டைப் பாதை வந்தது. வைகைக்கு இன்றும் ஏழு மணி நேரத்துக்கு மேல்தான் ஆகிறது. நிறுத்தங்கள் கூடியதும், வேகமான வண்டிகளுக்கு வழிவிடுவதும் காரணம். 2019 மார்ச் 1 அன்று வந்த தேஜஸ் எக்ஸ்பிரஸ் அதைவிட ஒன்றேகால் மணி நேரம் வேகமாகப் போகிறது. வந்தே பாரத் இன்னும் அரை மணி குறைத்திருக்கிறது. ஆனால் வைகையில் உட்கார்ந்து போகும் சாதாரண இருக்கைக்கு இருநூறு ரூபாய் அளவில்தான். வந்தே பாரத்தில் ஆயிரத்தைத் தாண்டும். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை மணிக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் என்று ஆகிறது. குடும்பம் நான்கு பேர் என்றால் யோசிக்க வேண்டிய தொகை. மணப்பாறையில் முறுக்கு ஏறும் வண்டி எது என்பதையும் கணக்கில் சேர்க்கலாம்.

விமானக் கட்டணத்துக்கு ஒரு நிலையான எண் சொல்ல முடியாது. முன்கூட்டி எடுத்தால் ஒரு விலை, நாளைக்குப் போக வேண்டுமென்றால் அதைப்போல் மூன்று மடங்கு, நானே கொடுத்திருக்கிறேன். அதோடு இரு முனையிலும் வாடகைக் காருக்கு ஆகும் தொகையைச் சேர்க்க மறந்துவிடுகிறோம். பெரம்பூரிலிருந்து மீனம்பாக்கத்துக்குக் கொடுப்பதில் வைகையில் மதுரைக்கே இரண்டு பேர் போகலாம்.

இன்னொன்று, மூட்டை. விமானத்தில் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ என்பது வழக்கம். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது சித்தி விடமாட்டார். இட்லிப்பொடி, வடகம், செக்கு எண்ணெய், ஊறுகாய், ஒரு பை தேங்காய். எண்ணெயையும் ஊறுகாயையும் கைப்பையில் கொண்டுபோக முடியாது. கொப்பரையைப் பார்த்தால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்ற பட்டியலில் அது இருக்கிறது. பாண்டியனில் யாரும் தராசு வைத்துக்கொண்டு நிற்பதில்லை. இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

பஸ்ஸை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு, தென்மாவட்ட பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. தாம்பரத்துக்காரருக்கு அது வரம். வடசென்னைக்காரருக்குக் கிளாம்பாக்கம் போவதே ஒன்றரை மணி நேரப் பயணம். அதற்கப்புறம்தான் எட்டு மணி நேர பஸ். மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் விடிகாலை நாலு மணிக்கு இறக்கிவிட்டால் அந்த நேரத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? பஸ்ஸுக்கு ஒரே ஒரு பலம், அன்றைக்கு மாலை நினைத்தால் அன்றைக்கு இரவே இடம் கிடைக்கும். ரயிலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கார் என்றால் நான்கு பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் வண்டிக்கு 31 லிட்டர் பெட்ரோல், ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய். பரனூரில் தொடங்கி ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று சுங்கச்சாவடிகள் தனி. சாலை அருமை, ஏழு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஓட்டுகிறவருக்கு அந்த ஏழு மணி நேரம் மொத்தமும் நட்டம்.

விமானத்தை இப்படி ஓரங்கட்டுவது இந்தத் தடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேர்கோட்டில் 355 கி.மீ., மதுரையைவிடக் குறைவு. அதே ஏ.டி.ஆர்., அதே ஒன்றேகால் மணி நேரம். அங்கே போட்டிக்கு ரயிலும் இல்லை, சாலையும் இல்லை. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னை விமானம் ஓடத் தொடங்கும் வரை, பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பு போய்த் திரும்பி வடக்கே ஏற வேண்டியிருந்தது. அங்கே விமானம் மிச்சப்படுத்துவது ஒரு முழு நாள். மதுரைத் தடத்தில் அது மிச்சப்படுத்துவது இரண்டரை மணி நேரம்.

அந்த இரண்டரை மணி நேரம் உயிர் மாதிரி தேவைப்படும் நாளும் உண்டு. பெரியப்பா தவறிய செய்தி காலை ஒன்பது மணிக்கு வந்தது. மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள் என்றார்கள். காலை வந்தே பாரத் போய்விட்டது, தேஜஸும் போய்விட்டது. மதியம் கிளம்புகிற வண்டிகளெல்லாம் இரவில்தான் மதுரை போய்ச் சேரும். பதினொன்றரை மணி விமானத்தில் ஒரு இடம் இருந்தது. விலையைப் பார்க்கவில்லை. இரண்டரைக்கு வாசலில் இருந்தேன். அன்றைக்கு மட்டும் யாரும் "பறந்தா வந்தீங்க" என்று கேட்கவில்லை.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்த ஒப்பீடெல்லாம் செல்லாது. எது கிடைக்கிறதோ அதில் போக வேண்டியதுதான். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. காலை எட்டு மணிக்குத் திறந்தால் பாண்டியனும் வைகையும் சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். அக்கா மகள் கல்யாணம் தை மாதம். நாளைக் காலை ஏழு ஐம்பத்தைந்துக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்திருக்கிறேன். போகப் பாண்டியன், வரவும் பாண்டியன். சித்தி இப்போதே வடகம் பிழிந்து காயவைக்க ஆரம்பித்துவிட்டாராம்.